கம்ப்யூட்டருக்குள் ஒரு சோலார் செல்: பிள்ளைகளின் 'ப்ராஜெக்ட்' பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை



பி.எஸ்சி. இயற்பியல், பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ், பி.இ. எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கடைசி ஆண்டு வந்தால் 'ப்ராஜெக்ட்' என்ற பேச்சு வரும். பல வீடுகளில் அதற்குப் பொருள் ஒன்றுதான்: இன்னும் சில ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். கடைத்தெருவில் ரெடிமேடாகக் கிடைக்கும் ப்ராஜெக்டை வாங்கி, பைண்டிங் போட்டு, கல்லூரியில் கொடுத்து மார்க் வாங்கிவிடலாம். அத்தா கைமாற்று வாங்கியாவது பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அதைச் சுமந்து சென்ற பிள்ளைக்கே தெரியாது.

அதே நேரத்தில், பணம் செலவழிக்காமல், பழைய லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு உண்மையான ஆய்வைச் செய்யும் வழி இன்று இருக்கிறது. சோலார் செல், பேட்டரி, எலக்ட்ரானிக் பொருட்கள் ஆகியவற்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே 'கட்டி', எப்படி வேலை செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதுதான் அந்த வழி. இதற்குச் சிமுலேஷன் என்று பெயர். இளநிலை மாணவர்களே இதைச் செய்கிறார்கள். இது என்ன, எப்படி நடக்கிறது, இதில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை நம் மஹல்லாக் குடும்பங்கள் தெரிந்துகொள்வதற்காகவே இக்கட்டுரை.

சிமுலேஷன் என்றால் என்ன?

ஒரு புதிய சோலார் செல்லைச் செய்து பார்க்க வேண்டுமானால் தூசி இல்லாத அறை, வெற்றிடக் கருவிகள், விலை உயர்ந்த இரசாயனங்கள் எல்லாம் தேவை. இவை எல்லாக் கல்லூரிகளிலும் இல்லை. இருக்கும் இடத்திலும் இளநிலை மாணவர் கையில் கொடுக்கத் தயங்குவார்கள். ஒரு முறை செய்து பார்க்கவே நாட்கள் ஆகும். நூறு விதமாக மாற்றி மாற்றிச் செய்து பார்ப்பது நடக்காத காரியம்.

கம்ப்யூட்டரில் அப்படியல்ல. மின்சாரமும் ஒளியும் எந்த விதிப்படி நடக்கின்றன என்பது சமன்பாடுகளாக நமக்குத் தெரியும். பொருளின் குணங்களை எண்களாகக் கொடுத்தால், அந்தச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டர் தீர்த்து, "இந்த அமைப்பு இவ்வளவு மின்சாரம் தரும்" என்று சொல்லும். ஒரு எண்ணை மாற்றினால் அடுத்த விடை சில நொடிகளில் வரும். வீடு கட்டுவதற்கு முன் இன்ஜினியர் வரைபடத்தில் சுவரை நகர்த்திப் பார்ப்பது போன்றதுதான் இது. சுவரை இடித்துக் கட்டுவதைவிட கோட்டை அழித்துப் போடுவது எளிது.

கொங்கு நாட்டுக்கு இது புதிதும் அல்ல. பொள்ளாச்சி அருகே கோதவாடியில் பிறந்து, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியிலும் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் படித்தவர் சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை. இஸ்ரோவில் அவருடைய தொடக்ககாலப் பணிகளில் ஒன்று, செயற்கைக்கோள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை மென்பொருளாகவே செய்து காட்டும் சிமுலேட்டரை உருவாக்கியது. விண்ணுக்குப் போனபின் ஒரு பொருளைத் திருப்பிக் கொண்டுவந்து பழுது பார்க்க முடியாது. அதனால் தரையிலேயே கணக்கில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

கிணறும் மேல்நிலைத் தொட்டியும்

சோலார் செல் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் ஊர் மோட்டார் பம்பை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மாடியில் தொட்டி இருக்கிறது. தண்ணீரை மேலே ஏற்றிவிட்டால், அது இறங்கி வரும்போது குழாயில் பயன்படுகிறது. சிலிக்கான் போன்ற பொருளுக்குள் எலக்ட்ரான்கள் கிணற்றுத் தண்ணீர் போலக் கீழே கிடக்கின்றன. அவற்றை மேல்தளத்துக்கு ஏற்றும் மோட்டார் சூரிய ஒளி. கீழ்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் உள்ள உயரத்தை 'ஆற்றல் இடைவெளி' என்கிறார்கள். சிலிக்கானுக்கு அது 1.12 எலக்ட்ரான் வோல்ட்.

ஒளியின் சக்தி அந்த உயரத்தைவிடக் குறைவாக இருந்தால் எலக்ட்ரான் மேலே ஏறாது. அந்த ஒளி வீண். சக்தி அதிகமாக இருந்தால் எலக்ட்ரான் ஏறிவிடும். ஆனால் மிச்சமான சக்தி வெப்பமாகப் போய்விடும். அதுவும் வீண். உயரம் அதிகமானால் ஏறும் எலக்ட்ரான் குறைவு. உயரம் குறைந்தால் கிடைக்கும் வோல்ட் குறைவு. இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது.

இந்தக் கணக்கை 1961-இல் ஷாக்லி, குவைசர் என்ற இரு விஞ்ஞானிகள் போட்டுப் பார்த்தார்கள். ஒரே ஒரு பொருளை வைத்துச் செய்யும் சாதாரண சோலார் செல், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், தன்மேல் விழும் வெயிலில் சுமார் 33 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாக மாற்ற முடியாது என்பது அந்தக் கணக்கின் இன்றைய வடிவம். இந்த 33 என்ற எண்ணை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் செய்த முதல் சிலிக்கான் சோலார் செல்லின் திறன் சுமார் 6 சதவீதம். இன்று ஆய்வகங்களில் அது 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. நம் மாடியில் வைக்கும் தகடுகள் 20, 22 சதவீதம் என்ற அளவில் இருக்கின்றன. 550 வாட் தகடு ஒன்றின் பரப்பு சுமார் 2.6 சதுர மீட்டர். உச்சி வெயிலில் அதன்மேல் சுமார் 2,600 வாட் விழுகிறது. நமக்குக் கிடைப்பது 550. மீதி வெப்பமாகப் போகிறது.

ஒரு மாணவி என்ன செய்கிறாள்?

இளநிலை மாணவர்கள் இன்று அதிகமாக எடுத்துக்கொள்ளும் தலைப்பு 'பெரோவ்ஸ்கைட்' சோலார் செல். பெரோவ்ஸ்கைட் என்பது ஒரு வகைப் படிக அமைப்பின் பெயர். 2009-இல் ஜப்பானில் இதை வைத்துச் செய்த முதல் செல்லின் திறன் 3.8 சதவீதம். பதினைந்து ஆண்டுகளுக்குள் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. சிலிக்கானுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்த வளர்ச்சி இது. அதனால்தான் உலகம் முழுவதும் இதன்மேல் கண்.

இதைச் சிமுலேட் செய்ய மாணவர்கள் பயன்படுத்துவது 'ஸ்கேப்ஸ்' என்ற மென்பொருள். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்க் பர்கெல்மனும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. ஆய்வு செய்பவர்களுக்கு இலவசம். சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும்.

வேலை இப்படி நடக்கிறது. சோலார் செல் என்பது ஐந்தாறு அடுக்குகள் கொண்ட ஒரு சான்ட்விச். மேலே கண்ணாடி, அதன் கீழே எலக்ட்ரானை மட்டும் கடத்தும் ஓர் அடுக்கு, நடுவில் ஒளியை உறிஞ்சும் பெரோவ்ஸ்கைட், அதன் கீழே எதிர்வகை மின்னூட்டத்தைக் கடத்தும் ஓர் அடுக்கு, கடைசியில் உலோகம். ஒவ்வோர் அடுக்குக்கும் தடிமன், ஆற்றல் இடைவெளி, அதில் எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக நகரும், அதில் எவ்வளவு குறைபாடுகள் உள்ளன என்று பத்துக்கு மேற்பட்ட எண்களை மாணவி தேடி எடுத்துக் கொடுக்க வேண்டும். அந்த எண்கள் ஏற்கெனவே ஆய்வகத்தில் அளந்து வெளியிடப்பட்டவையாக இருக்க வேண்டும். உண்மையில் உழைப்பு அதிகம் போவது இங்கேதான். ஐம்பது அறுபது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தால்தான் எந்த எண் நம்பத்தக்கது என்று தெரியும்.

பிறகு கேள்வி கேட்கிறாள். பெரோவ்ஸ்கைட் அடுக்கின் தடிமனை 100 நானோமீட்டரிலிருந்து 1,000 நானோமீட்டர் வரை மாற்றினால் என்ன ஆகும்? நம் தலைமுடியின் தடிமனே சுமார் 70,000 நானோமீட்டர். அதில் மிகச் சிறிய ஒரு பங்கே தடிமன் உள்ள படலத்தைப் பற்றித்தான் பேச்சு. படலம் மிக மெல்லியதாக இருந்தால் ஒளி உறிஞ்சப்படாமல் கடந்துபோகிறது. மிகத் தடிமனாக இருந்தால் மேலே ஏறிய எலக்ட்ரான் வெளியே வருவதற்குள் வழியிலேயே கீழே விழுந்துவிடுகிறது. ஓட்டைக் குழாயில் தண்ணீர் கசிவதைப் போல. பல நேரங்களில் விடை 500 நானோமீட்டர் அருகே வந்து நிற்கும். ஏன் அங்கே நிற்கிறது என்று அவளால் விளக்க முடிந்தால், அவள் சோலார் செல்லைப் புரிந்துகொண்டுவிட்டாள் என்று பொருள்.

நம் ஊர் வெயிலில் ஒரு கணக்கு

உலகம் முழுவதும் சோலார் செல்லின் திறனை 25 டிகிரி வெப்பத்தில்தான் சொல்கிறார்கள். சித்திரை மாதத்தில் கரும்புக்கடையிலோ குனியமுத்தூரிலோ மொட்டை மாடியில் இருக்கும் தகட்டின் சூடு 60 டிகிரியைத் தொட்டுவிடும். சிலிக்கான் தகடு ஒவ்வொரு டிகிரி கூடுதல் சூட்டுக்கும் தன் சக்தியில் சுமார் 0.4 சதவீதத்தை இழக்கிறது. புதிய வகைகளில் இது 0.3 அருகே. 35 டிகிரி கூடினால் 14 சதவீதம் போகிறது. 550 வாட் என்று விற்ற தகடு அந்த நேரத்தில் சுமார் 473 வாட்தான் தரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, பொருளின் இயல்பு அது.

உக்கடம் பெரியகுளத்தில் மாநகராட்சி மிதக்கவிட்டிருக்கும் சோலார் தகடுகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். சுவிட்சர்லாந்து அரசின் உதவியோடு அமைந்தது. தண்ணீர்மேல் வைப்பதால் இடம் மிச்சமாவதோடு, தகடு குளிர்ந்து கூடுதல் மின்சாரம் தரவும் வாய்ப்பு உண்டு. எவ்வளவு கூடும் என்பதைக் கோவையின் வெப்பநிலையை வைத்துக் கணக்கிடுவது ஒரு நல்ல இளநிலை ப்ராஜெக்ட். அளவில் சிறியது, ஆனால் நம் ஊருக்குப் பயன்படுவது. இப்படிப்பட்ட தலைப்பைப் பிள்ளைகள் எடுக்குமாறு பெற்றோர் சொல்லலாம்.

ஈயம் என்ற சிக்கல்

பெரோவ்ஸ்கைட் செல்லில் ஒரு பெரிய குறை உண்டு. இன்று அதிகத் திறன் தருபவை ஈயம் கலந்தவை. ஈரம் பட்டால் அந்தப் பொருள் சிதையும். ஈயம் தண்ணீரில் கரைந்து மண்ணுக்குப் போகலாம்.

ஈயம் நம் சமுதாயத்துக்குத் தெரியாத பொருள் அல்ல. பழைய இரும்பு, பழைய பேட்டரி வியாபாரத்தில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆட்டோ, இன்வெர்ட்டர் பேட்டரியில் இருப்பது ஈயம்தான். வீட்டருகே பேட்டரியை உடைப்பதும் ஈயத்தை உருக்குவதும் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குழந்தையின் இரத்தத்தில் எவ்வளவு குறைவாக ஈயம் இருந்தாலும் அது பாதுகாப்பான அளவு என்று சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022-இல் மத்திய அரசு பேட்டரிக் கழிவு விதிகளைக் கொண்டுவந்ததும், பழைய பேட்டரிகள் பதிவு பெற்ற இடங்களுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான். தொழில் செய்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இப்போது 'ஈயம் இல்லாத பெரோவ்ஸ்கைட்' என்று பிள்ளை தலைப்பு எழுதிக்கொண்டு வந்தால் அதன் பொருள் புரியும். ஈயத்துக்குப் பதில் வெள்ளீயம், பிஸ்மத் போன்றவற்றை வைத்தால் எவ்வளவு திறன் கிடைக்கும் என்று தேடுகிறார்கள். ஆயிரம் கலவைகளை ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியாது. கம்ப்யூட்டரில் சலித்து எடுத்து, மிஞ்சும் நாலைந்தை மட்டும் செய்து பார்க்கலாம். சிமுலேஷனின் உண்மையான பயன் இந்தச் சல்லடை வேலைதான்.

அணுவிலிருந்து தொடங்கும் கணக்கு

ஸ்கேப்ஸ் மென்பொருளுக்கு எண்களை நாம் கொடுக்க வேண்டும். அந்த எண்களையே கணக்கிட்டுத் தரும் இன்னொரு வகைச் சிமுலேஷன் உண்டு. எந்த அணு எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னால், எலக்ட்ரான்கள் எப்படி அமையும், ஆற்றல் இடைவெளி எவ்வளவு என்று அது கணக்கிடும். இந்த முறைக்கு அடித்தளம் போட்ட வால்டர் கோன் 1998-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவர் இயற்பியலாளர். 'குவாண்டம் எஸ்பிரெசோ' என்ற இலவச மென்பொருளில் மாணவர்கள் இதைப் பழகலாம். சிறிய படிகங்களுக்கு லேப்டாப் போதும். பெரியவற்றுக்குக் கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டர் தேவைப்படும்.

பேட்டரி, சர்க்யூட், மோட்டார் ஆகியவற்றுக்கும் இதுபோலவே உண்டு. லித்தியம் பேட்டரியை வேகமாகச் சார்ஜ் செய்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை 'பைபாம்' என்ற இலவச மென்பொருள் சில நொடிகளில் காட்டும். எலக்ட்ரிக் ஸ்கூட்டர், ஆட்டோ பெருகும் இந்தக் காலத்தில் இது வேலைக்கு நேரடியாக உதவும் படிப்பு. சர்க்யூட் சிமுலேஷனுக்கு மும்பை ஐஐடி-யின் ஃபோசி திட்டம் உருவாக்கிய 'ஈ-சிம்' இருக்கிறது. மோட்டாருக்குள் காந்தப்புலம் எப்படிப் பரவுகிறது என்று காட்டும் 'ஃபெம்' இருக்கிறது. பம்பும் மோட்டாரும் பிழைப்பாக உள்ள கோவையில், குறைந்த கரன்டில் அதிகத் தண்ணீர் எடுக்கும் மோட்டாரை வடிவமைக்கத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பு இருக்கும்.

கம்ப்யூட்டர் சொல்வதெல்லாம் உண்மையா?

இல்லை. இதைப் பிள்ளைகளும் பெற்றோரும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணம். அணுவிலிருந்து கணக்கிடும் முறையில், வழக்கமாகப் பயன்படுத்தும் எளிய சூத்திரத்தை வைத்துச் சிலிக்கானைக் கணக்கிட்டால் ஆற்றல் இடைவெளி சுமார் 0.6 எலக்ட்ரான் வோல்ட் என்று வரும். உண்மையான மதிப்பு 1.12. ஏறக்குறைய பாதி! கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை. அந்தச் சூத்திரத்தின் குறை அது. விஷயம் தெரிந்தவர்கள் இதை அறிந்து, திருத்தும் முறைகளைப் பயன்படுத்துகிறார்கள். தெரியாதவர்கள் வந்த எண்ணை அப்படியே எழுதிவிடுகிறார்கள்.

சோலார் செல் சிமுலேஷனில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கிறது. குறைபாடுகளைக் குறைத்துப் போட்டு, மின்தடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் திறன் 28, 30 என்று ஏறிக்கொண்டே போகும். "நான் 30 சதவீதம் தரும் சோலார் செல் கண்டுபிடித்தேன்" என்று பிள்ளை வந்து சொன்னால் மகிழ்வதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை யாராவது செய்து பார்த்திருக்கிறார்களா? செய்தபோது எவ்வளவு வந்தது?" ஒரே பொருளில் 33-க்கு மேல் காட்டினால், கண்டுபிடிப்பு என்று கொண்டாடாமல் தவறு எங்கே என்று தேட வேண்டும்.

நல்ல மாணவர் முதலில் செய்யும் காரியம், ஏற்கெனவே ஆய்வகத்தில் செய்து அளந்த ஒரு செல்லைத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டி, அதே விடை வருகிறதா என்று சரிபார்ப்பது. தராசைப் பயன்படுத்தும் முன் படிக்கல்லை வைத்துப் பார்ப்பது போல. அந்தச் சரிபார்ப்பு இல்லாத ப்ராஜெக்டில் மீதி எல்லாம் வெறும் எண்கள். "இந்த எண் கணக்கில் வந்தது, ஆய்வகத்தில் இன்னும் சோதிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதுவதால் மார்க் குறையாது. அது அமானிதத்தைக் காப்பது. அளவையில் நேர்மை வியாபாரத்துக்கு மட்டும் உரியதல்ல, ஆய்வுக்கும் உரியது.

இந்தப் பழக்கம் நம் முன்னோரிடம் இருந்ததுதான். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒளியைப் பற்றி எழுதிய 'கிதாபுல் மனாழிர்' நூலில், பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை ஏற்காமல் சோதித்துப் பார்த்து முடிவு செய்தார். கண்ணிலிருந்து ஒளி கிளம்பிப் போய்ப் பொருளைத் தொடுவதால் பார்வை உண்டாகிறது என்ற பழைய கருத்தை அவர் ஏற்கவில்லை. பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவினார். சோலார் செல் ஆய்வும் அதே ஒளியைப் பற்றிய படிப்புதான்.

விலைக்கு வாங்கும் ப்ராஜெக்ட்

ரெடிமேட் ப்ராஜெக்டை வாங்கித் தன் பெயரில் கொடுப்பது என்ன? தான் செய்யாத வேலையைத் தான் செய்ததாகக் கையெழுத்துப் போட்டுச் சொல்வது. முதல் பக்கத்தில் "இது என் சொந்த உழைப்பு" என்று உறுதிமொழி இருக்கும். அதில் பிள்ளை கையெழுத்துப் போடுகிறது. இதன் தன்மையை நாம் விளக்கத் தேவையில்லை.

மார்க்கக் கணக்கு ஒருபுறம் இருக்க, உலகக் கணக்கிலும் இது நஷ்டம். வேலைக்கான நேர்காணலில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் ஒன்று, "உங்கள் ப்ராஜெக்ட் என்ன?" வாங்கிய ப்ராஜெக்ட்காரர் அங்கேயே மாட்டிக்கொள்வார். சாதாரண மார்க் வாங்கிய பிள்ளையாக இருந்தாலும், தான் செய்ததைப் பத்து நிமிடம் நிதானமாக விளக்கினால் கேட்பவர் கவனிப்பார். நம் பிள்ளைகளில் பலருக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. தன் வேலையைத் தானே விளக்கத் தெரிவதுதான் அவர்களுக்குச் சிபாரிசு.

பணம் கொடுத்தால் உடனே கட்டுரையை அச்சிடும் 'ஜர்னல்'களும் இருக்கின்றன. இரண்டு நாளில் ஏற்றுக்கொண்டு பணம் கேட்டால், அது ஆய்விதழ் அல்ல, கடை. அதற்காக யாரும் கடன் வாங்க வேண்டாம். முறையாகச் செய்த ப்ராஜெக்ட், அச்சில் வராவிட்டாலும் மதிப்புள்ளதே.

அடுத்த வாசல்கள்

நன்றாகச் செய்த பிள்ளைக்குத் திறக்கும் வாசல்கள் சிலவற்றைத் தருகிறோம்.

முதலாவது, கோடைகால ஆய்வு உதவித்தொகை. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் திட்டம் இது. தேர்வாகும் மாணவர் சுமார் இரண்டு மாதம் நாட்டின் சிறந்த ஆய்வகம் ஒன்றில் விஞ்ஞானி ஒருவரிடம் வேலை பழகலாம். உதவித்தொகையும் உண்டு. கோடை வருவதற்குப் பல மாதங்கள் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும் என்பதால் தீபாவளி விடுமுறைக் காலத்திலிருந்தே கவனிக்க வேண்டும். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையம், சென்னை ஐஐடி ஆகியவையும் தனியாகக் கோடைத் திட்டம் நடத்துகின்றன. மும்பை ஐஐடி-யின் ஃபோசி திட்டத்தில் இலவச மென்பொருள் சார்ந்த உதவித்தொகை உண்டு.

இரண்டாவது, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ப்ராஜெக்ட் திட்டம். இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குச் சிறு தொகை தருகிறார்கள். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். துறைத்தலைவரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, மேற்படிப்பு. பி.எஸ்சி. முடித்தவர்கள் 'ஜாம்' தேர்வு எழுதி ஐஐடி-களில் எம்.எஸ்சி. சேரலாம். பி.இ. முடித்தவர்களுக்கு 'கேட்' தேர்வு. சிமுலேஷன் செய்த பிள்ளைக்கு இந்தத் தேர்வுகளின் பாடம் அந்நியமாக இருக்காது.

நான்காவது, உள்ளூர் வேலை. 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் 500 கோடி ரூபாயில் செமிகண்டக்டர் இயக்கமும், கோவைப் பகுதியில் சூலூரிலும் பல்லடத்திலும் செமிகண்டக்டர் இயந்திரத் தொழிற்பூங்காக்களும் அறிவிக்கப்பட்டன. அவை வளரும்போது இந்தத் துறையின் மொழி தெரிந்தவர்கள் தேவைப்படுவார்கள்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

"லேப்டாப் வாங்க வசதி இல்லையே?"
ஸ்கேப்ஸ் போன்ற மென்பொருளுக்குப் புதிய, விலை உயர்ந்த லேப்டாப் தேவையில்லை. பழையது போதும். கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கணினிகள் தருவதாக 2025-26 மாநில பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. பிள்ளையின் கல்லூரியில் விசாரியுங்கள். கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையையும் மாலை நேரத்தில் பயன்படுத்தக் கேட்கலாம்.

"தமிழ் வழியில் படித்த பிள்ளை சமாளிக்குமா?"
சமாளிக்கும். மென்பொருளில் வரும் ஆங்கிலச் சொற்கள் ஒரு நூறுக்குள்தான் இருக்கும். லினக்ஸ், பைதான் போன்ற அடிப்படைகளைத் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கும் காணொளிகள் மும்பை ஐஐடி-யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் இலவசமாக உள்ளன.

"பெண் பிள்ளை, வீட்டிலிருந்தே செய்யலாம் அல்லவா?"
பெரும்பகுதியைச் செய்யலாம். பல மகள்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஆனால் அதையே காரணமாக வைத்து, இரண்டு மாதம் ஆய்வகத்துக்குப் போக வரும் வாய்ப்பைத் தடுத்துவிட வேண்டாம். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலம் 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்டது. அதன் திட்ட இயக்குநர் நிகார் ஷாஜி, செங்கோட்டையில் பள்ளிப்படிப்பு முடித்து, திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர். அவரும் வீட்டை விட்டு வெளியூர் போய்ப் படித்துத்தான் அந்த இடத்துக்கு வந்தார். தங்குமிடம், பாதுகாப்பு பற்றி விசாரிப்பது பெற்றோரின் கடமை. விசாரித்துத் திருப்தி ஏற்பட்டபின் அனுப்பி வைப்பதும் கடமைதான்.

"இதனால் உடனே சம்பளம் வருமா?"
உடனே வராது. இதைச் செய்தால் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கற்பது என்ன என்றால், ஒரு கேள்வியை எடுத்து, நூறு கட்டுரைகளில் தேடி, கணக்கிட்டு, சரிபார்த்து, எழுதிக் காட்டும் பழக்கம். மொபைல் சர்வீஸ் கடை, இன்வெர்ட்டர் வியாபாரம், சோலார் பொருத்தும் தொழில் எதற்குப் போனாலும் அது உதவும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த வாரம் இரவு உணவின்போது கல்லூரி செல்லும் பிள்ளையிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உன் ப்ராஜெக்டில் நீ கேட்கும் கேள்வி என்ன? அதன் விடை சரிதான் என்று எப்படித் தெரிந்துகொள்வாய்? எனக்குப் புரியும்படி சொல்ல முடியுமா? நமக்குப் பாடம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எளிய தமிழில் பெற்ற தாய்க்கு விளக்க முடியாத பிள்ளைக்கு, அந்தப் பாடம் இன்னும் முழுதாகப் புரியவில்லை என்றே பொருள். கேட்கும் பெற்றோர் இருக்கும் வீட்டில் ரெடிமேட் ப்ராஜெக்ட் நுழைவது கடினம்.

நம் மஹல்லாக்களில் இயற்பியல், எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிகல் படித்து வேலையில் இருக்கும் சகோதர சகோதரிகள் பலர் உண்டு. மாதம் ஒரு ஞாயிறு இரண்டு மணி நேரம் ஒதுக்கி, இறுதியாண்டுப் பிள்ளைகளின் ப்ராஜெக்டைக் கேட்டு, தவறைச் சுட்டிக்காட்டினால் அதுவே பெரிய உதவி. அறிவைக் கற்றுக்கொடுப்பதும் தர்மமே. விருப்பமுள்ளவர்கள் தங்கள் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் பெயர் கொடுங்கள். ப்ராஜெக்டுக்காகக் கடன் வாங்கும் நிலையில் உள்ள குடும்பங்கள், வாங்கும் முன் அறக்கட்டளையின் கல்விக் குழுவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கடன் தேவைப்படாது.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் நேர்மையிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.